இசைத்தட்டும் ஊசியும்: சேகரிப்பவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் இசைத்தட்டைச் சொந்தமாக வாங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அலமாரியைப் பார்த்ததும் விருந்தினர்கள் கேட்கும் கேள்விகளும், புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றுக்கான பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. சில கேள்விகளுக்கு ஓரிரு வாக்கியங்களே போதுமானவையாக இருந்தன.

ஒரு பிளாஸ்டிக் தட்டுக்குள் பாட்டு எப்படி இருக்கிறது?

தட்டின் ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கான வரிகள் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிந்தாலும், உண்மையில் இருப்பது விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே ஒரு பள்ளம்தான். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் 22 நிமிடம் ஓடும் பக்கத்தில் அந்தப் பள்ளம் 733 முறை சுற்றி வருகிறது. பிரித்து நேராக நீட்டினால் ஏறத்தாழ 475 மீட்டர் நீளம் இருக்கும். அகலமோ சராசரியாக 50 மைக்ரான், அதாவது தலைமுடியைவிடச் சற்றுக் குறைவு.

குறுக்குவெட்டில் பார்த்தால் பள்ளம் ‘வி’ வடிவில் இருக்கும். அதன் இரு சுவர்களும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் சாய்ந்திருக்கின்றன. ஸ்டீரியோ தட்டில் உட்சுவரின் நெளிவு இடது பக்க ஒலி. வெளிச்சுவரின் நெளிவு வலது பக்க ஒலி. ஒரே ஊசி இரண்டு சுவர்களையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டு செல்வதால், அது பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் அசைகிறது. இந்த ஏற்பாட்டை ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931ஆம் ஆண்டின் காப்புரிமை விண்ணப்பத்திலேயே விவரித்துவிட்டார். ஆனால் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வர 1950களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எத்தனை ஆண்டுகள் பழகியும், வயலினும் மிருதங்கமும் குரலும் சேர்ந்து ஒரே நெளிவாகிவிடுகின்றன என்பதும், காது அவற்றை மறுபடி தனித்தனியாகப் பிரித்துக்கொள்கிறது என்பதும் எனக்கு வியப்பாகவே இருக்கின்றன.

78, 45, 33⅓ என்று வேகங்கள் வேறுபடுவது ஏன்? எல்லாவற்றையும் ஒரே ஊசியில் கேட்கலாமா?

கூடாது. எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை பெற்ற கிராமபோனின் வழிவந்த 78 சுற்றுத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கும் கனிமப் பொடியும் கலந்து வார்க்கப்பட்டவை. கைதவறி விழுந்தால் உடைந்துபோகும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இசை அடங்கும். கொலம்பியா நிறுவனம் 1948இல் 33⅓ சுற்று வினைல் தட்டை அறிமுகப்படுத்தியதும், பள்ளம் மெலிந்து, ஒரு பக்கம் இருபது நிமிடத்தைத் தாண்டியது. நாம் எல்.பி. என்று அழைப்பது அதைத்தான். அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் 7 அங்குல 45 சுற்றுத் தட்டை வெளியிட்டது.

78இன் பள்ளத்துக்கு ஏறத்தாழ 75 மைக்ரான் முனை ஆரமுள்ள ஊசி வேண்டும். எல்.பி.க்குரிய ஊசியின் ஆரம் 18 மைக்ரான்தான். மெல்லிய ஊசியை அகன்ற பள்ளத்தில் விட்டால் அது சுவர்களைப் பிடிக்காமல் அடியில் கிடக்கும் அழுக்கை உழுதுகொண்டே போகும். இரைச்சலைத் தவிர அதிகம் கேட்காது. தடித்த ஊசியை எல்.பி.யில் வைப்பதோ தட்டையே அழிப்பதற்குச் சமம். இரண்டையும் கேட்பவர்கள் இரண்டு ஊசிகளோ, முடிந்தால் இரண்டு கார்ட்ரிட்ஜ்களோ (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பகுதி) வைத்துக்கொள்ள வேண்டும்.

சிடியைவிட இசைத்தட்டின் ஒலி உயர்ந்ததா?

அளந்து பார்த்தால் இல்லை. 1982இல் விற்பனைக்கு வந்த சிடியின் 16 பிட் பதிவு மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளியைத் தாங்கும். நன்றாக அச்சிடப்பட்ட எல்.பி. 60 முதல் 70 டெசிபலோடு நின்றுவிடும். தட்டில் பரப்பு இரைச்சல் உண்டு, வேக ஏற்ற இறக்கம் உண்டு, இடது வலது ஒலிகள் ஒன்றோடொன்று சிறிது கலப்பதும் உண்டு. ‘அனலாக் என்பதால் எதுவும் விடுபடாது’ என்ற வாதமும் முழு உண்மையல்ல. 1970களின் இறுதியிலிருந்தே பல தட்டுகளின் இசை, பள்ளம் வெட்டும் இயந்திரத்துக்குச் செல்லும் வழியில் ஒரு டிஜிட்டல் தாமதக் கருவியைக் கடந்தே வந்திருக்கிறது. இன்று வெளியாகும் புதிய தட்டுகளில் பெரும்பாலானவற்றின் மூலமே டிஜிட்டல்தான்.

அப்படியானால் சில இசைத்தட்டுகள் அதே இசையின் சிடியைவிட நன்றாக ஒலிப்பது ஏன் என்று கேட்பீர்கள். 1990களுக்குப் பின் வந்த பல சிடி பதிப்புகளில், எல்லாவற்றையும் உரக்கக் கேட்கச் செய்ய வேண்டும் என்ற போட்டியில் மென்மைக்கும் ஓங்கலுக்கும் இடையிலான தூரத்தை நசுக்கிவிட்டார்கள். பழைய தட்டில் அந்தத் தூரம் அப்படியே இருக்கிறது. அங்கே வெல்வது இறுதி வடிவம் கொடுத்த பொறியாளரின் காதுதான். ஊடகத்துக்கு அந்தப் புகழைக் கொடுக்க வேண்டியதில்லை. நான் தட்டு கேட்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பக்கத்தைத் திருப்ப வேண்டியிருப்பதால், கேட்கும்போது வேறு வேலையில் மூழ்கிவிட முடிவதில்லை. இது என் பலவீனத்துக்கான ஏற்பாடு என்றும் சொல்லலாம்.

தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபையரின் சாதாரண உள்ளீட்டில் இணைத்தால் ஒலி மெலிந்து, தட்டையாகக் கேட்கிறதே?

போனோ பெருக்கி இல்லாததுதான் காரணம். தாழ்ந்த ஒலிகளை அவற்றின் முழு அளவில் வெட்டினால் பள்ளம் அகலமாக அலைந்து, பக்கத்தில் உள்ள சுற்றை இடித்துவிடும். ஆகவே வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிவு செய்கிறார்கள். 1,000 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டால் 20 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ 20 டெசிபல் தாழ்த்தப்படுகிறது. 20,000 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ அதே அளவு உயர்த்தப்படுகிறது. கேட்கும்போது இதை அப்படியே தலைகீழாக்குவது போனோ பெருக்கியின் வேலை. உயர்ந்த ஒலிகளைத் திரும்பக் குறைக்கும்போது ஊசியின் உரசல் இரைச்சலும் சேர்ந்து குறைந்துவிடுவது இதில் கிடைக்கும் உபரி நன்மை. இந்த அளவுகள் 1950களின் நடுவில் ‘ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு’ என்ற பெயரில் பொதுத் தரமாயின. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வளைவை வைத்திருந்ததால், அக்காலத் தட்டுகள் இன்றைய கருவியில் சற்றுக் கூர்மையாகவோ மந்தமாகவோ ஒலிக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர் எந்தக் கருவியை முதலில் வாங்க வேண்டும்?

பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கருடன் வரும் மலிவான கருவியைத் தவிர எதை வாங்கினாலும் பாதகமில்லை. அத்தகைய கருவிகள் பலவற்றில் உள்ள செராமிக் கார்ட்ரிட்ஜ் 5 கிராமோ அதற்கு மேலோ அழுத்திக்கொண்டு ஓடுகிறது. நல்ல கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராமுக்குள் அடங்கிவிடும். அதோடு, ஊசியின் எடையையும் கோணத்தையும் சரிசெய்ய அந்த மலிவான கருவிகளில் வழியே இருக்காது.

செலவைப் பங்கிடுவதில் என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. கையில் உள்ள தொகையில் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்கும், அடுத்த பகுதியை ஊசிக்கும், எஞ்சியதை மற்றவற்றுக்கும் ஒதுக்குங்கள். ஒழுங்காக வேலை செய்யும் எளிய ஆம்ப்ளிஃபையருக்கும் விலை உயர்ந்த ஒன்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பது கடினம். கூம்பு முனை ஊசியை மாற்றி நீள்வட்ட முனை ஊசியைப் பொருத்தினால், தட்டின் கடைசிப் பாடலில் வரும் வேறுபாட்டை வீட்டில் உள்ள குழந்தைகூடச் சொல்லிவிடும்.

தட்டைச் சுழற்றப் பெல்ட் நல்லதா, மோட்டாரே நேரடியாகச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் நல்லதா?

இரண்டிலும் நல்லவையும் உண்டு, மோசமானவையும் உண்டு. 1961இல் வந்த ஏ.ஆர். நிறுவனத்தின் எக்ஸ்.ஏ. பெல்ட்டில் ஓடியது, 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 நேரடி மோட்டாரில் ஓடியது. பராமரித்தால் இரண்டும் இன்றும் நிறைவாக ஓடும். பெல்ட் காலப்போக்கில் தளர்ந்து வேகம் தடுமாறும், மாற்றுவது எளிது. பழைய நேரடி மோட்டாரின் மின்னணுப் பகுதி பழுதானால் பழுது பார்ப்பவரைத் தேட வேண்டும்.

கார்ட்ரிட்ஜ்களில் எம்.எம்., எம்.சி. என்கிறார்களே, அவை என்ன?

ஊசி பொருத்தப்பட்ட சிறு தண்டின் மறுமுனையில் காந்தம் அசைந்தால் அது எம்.எம்.; கம்பிச்சுருள் அசைந்தால் எம்.சி. முதல் வகை 3 முதல் 5 மில்லிவோல்ட் மின்னழுத்தம் தரும். இரண்டாம் வகை பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டைக்கூட எட்டாததால் கூடுதல் பெருக்கம் கேட்கும். எம்.எம். வகையில் தேய்ந்த ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம், எம்.சி.யில் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். ஜப்பானிய ஒலிபரப்புக் கழகத்துக்காக 1960களின் தொடக்கத்தில் உருவான டெனான் டி.எல். 103 என்ற எம்.சி. கார்ட்ரிட்ஜ் இன்றும் கூம்பு முனை ஊசியோடு விற்பனையில் இருக்கிறது என்பதை, முனை வடிவத்தைப் பற்றி மேலே நான் சொன்னதற்கு மறுப்பாக நண்பர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பக்கத்தின் கடைசிப் பாடல் மட்டும் கரகரப்பது ஏன்?

தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், ஊசிக்கு அடியில் பள்ளம் நகரும் வேகம் ஒரே அளவில் இருப்பதில்லை. வெளி விளிம்பில் அது நொடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ.; உள் முனையில் 21 செ.மீ.தான். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை விளிம்பில் 51 மைக்ரான் நீளத்துக்குத் தாராளமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அதே அலை நடுவை நெருங்கும்போது 21 மைக்ரானுக்குள் நெருக்கப்படும். கூம்பு ஊசியின் 18 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை முனை அந்த நெருக்கமான வளைவுகளுக்குள் நுழைய முடியாமல் முட்டி மோதுகிறது. பாடகரின் ‘ச’கரமும் ‘ஸ்’ ஒலியும் எச்சில் தெறிப்பதுபோல் கேட்பது அதனால்தான். நீள்வட்ட முனையின் பக்க ஆரம் 8 மைக்ரான் அளவில் இருப்பதால் நிலைமை வெகுவாகச் சீராகும். நான்கு தட ஒலித்தட்டுகளுக்காக ஜப்பானில் 1970களில் உருவான ஷிபாட்டா முனை இன்னும் மெல்லியது.

புதிய ஊசியிலும் கரகரப்பு நீடித்தால், கார்ட்ரிட்ஜின் கோணம் தவறாக இருக்கலாம்; அல்லது தேய்ந்த ஊசியால் அந்தப் பகுதி முன்பே பாழாகியிருக்கலாம். இரண்டாவதற்கு மருந்தில்லை.

ஊசி தட்டை அழுத்தும் எடையையும் அதன் கோணத்தையும் எப்படிச் சரிசெய்வது?

அவசரமில்லாத ஒரு பகல்பொழுதை இதற்கென ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதலில் டர்ன்டேபிள் சமதளத்தில் நிற்கிறதா என்று நீர்மட்டக் குழல் வைத்துப் பாருங்கள். ஆர்ம் உட்புறமாக இழுபடுவதை ஈடுசெய்யும் விசைத்தடுப்பானை (ஆன்டி-ஸ்கேட்) சுழியத்தில் வைத்து, ஊசியின் காப்பு மூடியைக் கழற்றி, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மைத் தட்டுக்கு வெளியே விடுவித்து, பின்பக்க எடையை முன்னும் பின்னும் திருகுங்கள். ஒரு கட்டத்தில் ஆர்ம் ஏறாமலும் இறங்காமலும் தராசு முள்போல அந்தரத்தில் நிற்கும். அதுதான் சுழிய எடை. எண்கள் பொறித்த வளையத்தை மட்டும் சுழியத்துக்குத் திருப்பிவிட்டு, பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். வளையத்து எண்கள் எப்போதும் துல்லியமாக இருப்பதில்லை; சிறிய மின்னணு எடைமானி ஒன்று இருந்தால் நல்லது.

‘எடை குறைந்தால் தட்டு தேயாது’ என்ற நம்பிக்கை மிகப் பரவலானது, மிகத் தவறானதும்கூட. எடை போதாத ஊசி சுவர்களை இறுகப் பற்றாமல் துள்ளித் துள்ளி மோதும். அந்த மோதல்தான் பள்ளத்தை அதிகம் சிதைக்கிறது. தயாரிப்பாளர் 1.5 முதல் 2 கிராம் என்று குறித்திருந்தால் நான் 1.8இல் வைப்பேன்.

கோணத்துக்கு, அச்சிட்ட அளவுகோல் அட்டையைத் தட்டுச் சுழலும் தண்டில் செருக வேண்டும். வெட்டும் இயந்திரத்தின் தலை நேர்கோட்டில் நகர்ந்தது. நம் டோன்ஆர்மோ ஓர் அச்சில் சுழன்று வில்போல் வளைந்து செல்கிறது. ஆகவே ஊசி பள்ளத்தோடு மிகச் சரியாகப் பொருந்துவது இரண்டே புள்ளிகளில்தான். பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கின்படி அவை மையத்திலிருந்து 66 மி.மீ. தொலைவிலும் 121 மி.மீ. தொலைவிலும் அமைகின்றன. அட்டையில் அவ்விரு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் கோடுகளுக்கு இணையாக நிற்கும்வரை திருகாணிகளைத் தளர்த்தி நகர்த்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நான் இரண்டு முறை கை நடுங்கி ஊசித்தண்டை வளைத்திருக்கிறேன். அதிலிருந்து, திருகாணியைத் தொடும் ஒவ்வொரு முறையும் காப்பு மூடியை மறுபடி மாட்டிவிடுகிறேன். கடைசியாக, விசைத்தடுப்பானை ஊசி எடையின் அளவுக்கே வைத்துத் தொடங்கலாம். அது இல்லாவிட்டால் ஆர்ம் உட்புறமாக இழுபட்டு, உட்சுவரில் கூடுதலாகச் சாயும்.

ஊசி எத்தனை காலம் உழைக்கும்?

வைரமே ஆனாலும் தேயும். முனையின் வடிவத்தையும் தட்டுகளின் சுத்தத்தையும் பொறுத்து 500 மணி முதல் 1,000 மணி வரை என்று வைத்துக்கொள்ளலாம். எல்.பி. ஒன்றின் இரு பக்கமும் சேர்ந்து 40 நிமிடம் என்றால், 500 மணி என்பது 750 தட்டுகள். டர்ன்டேபிளின் பக்கத்தில் ஒரு சிறு நோட்டு வைத்து, கேட்ட தட்டுக்கு ஒரு கோடு போட்டு வந்தால் கணக்குத் தவறாது.

‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ சொன்னதையே சொல்வது ஏன்?

பேச்சு வழக்கில் நாம் மனிதர்களுக்குச் சூட்டும் இந்தப் பட்டத்தின் இயக்கவியல் எளியது. பள்ளத்துக்குக் குறுக்கே விழுந்த ஆழமான கீறல், இரண்டு சுற்றுகளுக்கு இடையே உள்ள மேட்டை உடைத்துவிடுகிறது. ஊசி அங்கு வந்ததும் உடைந்த இடத்தின் வழியே முந்தைய சுற்றுக்கு நழுவி, ஒரு முழுச் சுற்று ஓடி, மறுபடி அதே இடத்தில் நழுவுகிறது. 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி ஆவதால் பாட்டின் அதே 1.8 நொடி திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஆழமற்ற கீறல் நழுவச் செய்யாது; ‘டக்’ என்ற ஒலியை மட்டும் 1.8 நொடிக்கு ஒருமுறை எழுப்பும். ஒலி அந்த இடைவெளியில் வராமல் ஒழுங்கின்றிச் சிதறி வந்தால் அது கீறலாக இருக்க வாய்ப்பில்லை. தூசியாகவோ நிலைமின்சாரமாகவோ இருக்கும், கழுவினால் போய்விடும்.

தட்டைக் கழுவலாமா?

கழுவ வேண்டும், புதிதாக வாங்கியதையும்கூட. காய்ச்சி வடித்த நீரில் சில சொட்டு மணமற்ற மென்சோப்புத் திரவம் கலந்து, மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வேறு காய்ச்சி வடித்த நீரில் அலசி, செங்குத்தாக நிறுத்தி உலரவிடுவதே நான் செய்வது. நடுவில் ஒட்டிய காகிதத்தில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய்நீரில் கரைந்துள்ள உப்புகள் உலர்ந்ததும் பள்ளத்திலேயே படிந்துவிடும். உறிஞ்சும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது, ஏனெனில் அழுக்கு நீர் உலர்வதற்குள் வெளியேறிவிடுகிறது. 78 அரக்குத் தட்டில் ஆல்கஹால் கலந்த திரவம் எதையும் தொடவிடாதீர்கள். அரக்கு அதில் கரையும்.

அன்றாடம் கேட்பதற்கு முன் கரியிழைத் தூரிகையால் இரண்டு சுற்றுத் துடைத்தால் போதும். ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும் துடைக்க வேண்டும். விரலால் தொடவே கூடாது.

எப்படி அடுக்கி வைப்பது?

செங்குத்தாக, அதிகம் நெருக்காமல், சாயாமல். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் உள்ளவை எடை தாங்காமல் நெளியும். நூறு எல்.பி.கள் உறையோடு 20 கிலோவைத் தாண்டும் என்பதால், புத்தக அலமாரி எல்லாம் தாங்கிவிடாது. என் முதல் அலமாரியின் நடுப்பலகை ஒரு நள்ளிரவில் முறிந்தது.

வெயில் நேரடியாகப் படக்கூடாது. ஒருமுறை வீட்டுக்கு வண்ணம் அடித்தபோது, ஜன்னலோரம் தற்காலிகமாக வைத்த பன்னிரண்டு தட்டுகளை ஒரு பிற்பகல் முழுவதும் மறந்துவிட்டேன். மாலையில் எடுத்துச் சுழலவிட்டபோது, ஊசி படகுபோல ஏறி இறங்கியது. கனமான இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வாரக்கணக்கில் வைத்ததில் ஏழு தேறின. ஐந்தைக் காப்பாற்ற முடியவில்லை.

உறைகளிலும் கவனம் வேண்டும். மென்மையாக வளையும் பி.வி.சி. உறைகளிலிருந்து கசியும் நெகிழ்வூட்டி, ஆண்டுகள் செல்லச் செல்ல தட்டின்மேல் பனிபோன்ற படலத்தை ஏற்படுத்தும். அது கழுவினாலும் போவதில்லை, இரைச்சலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். பாலிஎத்திலீன் உள்ளுறையே பாதுகாப்பானது. ஈரப்பதம் மிகுந்த அறையில் தட்டுக்கு ஒன்றும் ஆகாது, அட்டை உறைதான் பூஞ்சை பிடிக்கும்.

பழைய தட்டை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பரவிய வெளிச்சத்தில் எல்லாத் தட்டும் அழகாகவே தெரியும். ஒற்றை விளக்கின் அடியில் சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்பினால்தான் மயிரிழைக் கீறல்கள் கண்ணில் படும். அவற்றைவிட நான் அஞ்சுவது சாம்பல் பூத்த பளபளப்பற்ற பள்ளங்களை. தேய்ந்த ஊசி ஓடிய தடம் அது. அடுத்து நடுத்துளையைச் சுற்றிப் பாருங்கள். தண்டைத் தேடித் தடுமாறிய கைகள் காகிதத்தில் மெல்லிய கோடுகளை விட்டுச் சென்றிருக்கும். அவை எவ்வளவு மிகுதியோ, தட்டு அவ்வளவு முறை ஓடியிருக்கிறது.

விற்பவர்கள் ‘மின்ட்’, ‘நியர் மின்ட்’, ‘வெரி குட் பிளஸ்’ என்று தரம் குறிப்பார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ‘குட்’ என்று குறிக்கப்பட்ட தட்டு கேட்பதற்கு நன்றாக இருக்காது. பார்வைத் தரம் வேறு, கேட்புத் தரம் வேறு என்பதை, கண்ணாடிபோல் மின்னிய தட்டு ஒன்றை வாங்கி வந்து ஊசியை வைத்த நாளில் கற்றுக்கொண்டேன். உரத்த இடங்களிலெல்லாம் குரல் கிழிந்தது.

முதல் அச்சு என்றால் கட்டாயம் சிறந்ததா?

அலுமினியத் தகட்டின்மேல் பூசிய லாக்கர் என்ற மென்மையான பூச்சில் பள்ளம் வெட்டப்படுகிறது. அதன்மேல் வெள்ளியும் நிக்கலும் படியவைத்து எதிர்வார்ப்பு எடுத்து, அதிலிருந்து ஒரு தாய்த்தகடு, தாயிலிருந்து அச்சுத் தகடுகள் என்று தலைமுறைகள் பிறக்கின்றன. அச்சுத் தகடு நூற்றுக்கணக்கில் அல்லது ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் தட்டுகளை அச்சிட்டதும் மழுங்கிவிடும். ஆகவே முதல் அச்சிலேயே தகட்டின் கடைசி நாளில் பிறந்த தட்டும் இருக்கலாம். முதல் அச்சுக்கு உள்ள உண்மையான சாதகம், மூல ஒலிநாடா புதிதாக இருந்தபோது வெட்டப்பட்டது என்பதே. வெட்டியவர் யார், எந்த வெட்டு என்பதைப் பள்ளம் முடிந்து காகிதம் தொடங்கும் வெற்று வளையத்தில் பொறித்த எழுத்துகளும் எண்களும் சொல்லும். உறையைவிட அதை நம்பலாம். இந்த லாக்கர் தட்டுகளை உலகில் இரண்டே ஆலைகள் செய்துவந்தன. அவற்றுள் ஒன்றான கலிபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் தீக்கிரையானபோது, இத்தொழில் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வழக்கத்தைவிடக் கனமான 180 கிராம் தட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பள்ளத்தின் ஆழம் எடையால் மாறுவதில்லை. கையில் கனமாக இருக்கும், எளிதில் நெளியாது, அவ்வளவுதான்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரின் தலையும் சமபக்க முக்கோணமாக அமைவது நல்ல தொடக்கம். உயர்ந்த ஒலி வரும் சிறு கூம்பு காதின் மட்டத்தில் இருக்க வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஒலி வீங்கும். மூலையில் வைத்தால் இன்னும் வீங்கும். அரை அடி முன்னால் நகர்த்துவது இலவசம், பலன் பெரிது.

அறையே ஒரு வாத்தியம் என்பதை மறக்கக்கூடாது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8.6 மீட்டர். அறையின் நீளம் அதில் பாதியாக, அதாவது 4.3 மீட்டராக இருந்தால், அந்தச் சுருதி சுவர்களுக்கு இடையில் சிக்கிக்கொண்டு சுவரோரம் முழங்கும், நடுவில் காணாமற்போகும். கருவியை மாற்றிப் பயனில்லை. நாற்காலியை நகர்த்திப் பாருங்கள். நிறைந்த புத்தக அலமாரியும், தரைவிரிப்பும், கனத்த திரைச்சீலையும் உயர்ந்த ஒலிகளின் எதிரொலியை அடக்கும்.

ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே மேசையில் நிற்கவே கூடாது. ஸ்பீக்கரின் அதிர்வு ஊசியை எட்டி, ஊசி அதையும் இசையென்று நினைத்து மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்பும். ஒலியைக் கூட்டினால் ஊளையிடும்.

ஸ்பீக்கரில் ‘ஹூம்’ என்று ரீங்காரம் கேட்கிறதே?

டர்ன்டேபிளின் தரைக்கம்பியை (எர்த்) பெருக்கியின் தரைத் திருகில் இறுக்குங்கள். போகாவிட்டால், மின்மாற்றி உள்ள கருவியைக் கார்ட்ரிட்ஜிலிருந்து தள்ளி வையுங்கள்.

விலை உயர்ந்த கேபிள்கள் அவசியமா?

போதுமான தடிமனும் இறுக்கமான இணைப்பும் இருந்தால் சாதாரணக் கம்பியே போதும். எம்.எம். கார்ட்ரிட்ஜிலிருந்து செல்லும் கம்பியின் மின்தேக்கம் மட்டும் ஒலியைச் சற்று மாற்றக்கூடியது; அதற்கும் நீளத்தைக் குறைத்தாலே போதுமானது.

தட்டை இரவல் தருவீர்களா?

தருவதில்லை. கேட்க விரும்புபவர் வரலாம். உறையைப் பிரிப்பது நானாக இருக்க வேண்டும், ஊசியை வைப்பது வந்தவராக இருக்கலாம், பக்கம் முடியும்வரை யாரும் பேசக்கூடாது.